80 கிமீ வேகத்துல வர்ற ரோடு ஊருக்குள்ள எப்படி நுழையறது? காங்கேயம் பக்கத்து ஊர் ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

ரோடு அகலப்படுத்தறாங்கன்னு சேதி வந்தாலே நம்ம பக்கம் ஊரு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிரும். "ஐஆர்சி கோடு இப்படித்தான் சொல்லுது, ஒண்ணும் பண்ண முடியாதுங்க"ன்னு இன்ஜினியருங்க ஒரு பக்கம் (ஐஆர்சிங்கறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், ரோடு போடற விதிமுறைப் புக்கெல்லாம் எழுதற அமைப்பு), "கோடு கீடெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க, ஊருக்குள்ள நாலு ஸ்பீடு பிரேக்கர் போட்டுட்டு மறுவேலை பாருங்க"ன்னு ஊர்க்காரங்க இன்னொரு பக்கம். பாத்தா ரெண்டு பேரும் வேகத்தைப் பத்தித்தான் பேசறாங்க, ஆனா அந்த வேகத்தை யாரு எப்ப முடிவு பண்ணினாங்கன்னு ரெண்டு பேருமே கேக்கறதில்ல. டிபிஆர்ங்கற திட்ட அறிக்கையில ஆரம்பத்துலயே டிசைன் ஸ்பீடு, அதாவது எந்த வேகத்துக்கு ரோட்டை வடிவமைக்கறாங்கங்கறது, இவ்வளவுன்னு ஒரு நம்பர் எழுதிருவாங்க, அப்பறம் வளைவு, அகலம், எத்தனை மரம் போகுது, யாரு தோட்டத்துல எத்தனை சென்ட் போகுதுங்கறது எல்லாம் அந்த நம்பர்ல இருந்து கணக்குப்படி வர்றதுதான். ஊருக்குள்ள மட்டும் அந்த நம்பரை மாத்திக்கலாம், அதுக்கு கோடுலயே எடம் இருக்குது. இந்த ஊர்க்கதையில நான் சொல்ல வர்றது அதைத்தான்.

ஊர்ப்பேரு போடல. நெலம் குடுத்தவங்கள்ல சில பேருக்கு இன்னும் பணப் பிரச்சனை தீரல, அதுல நம்ம எழுத்து போயி குறுக்க நிக்க வேண்டாம். காங்கேயம் தாராபுரம் சுத்துவட்டாரம், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணி வர்ற கடைமடைப் பகுதின்னு வெச்சுக்குங்க. ஸ்டேட் ஹைவே, 7 மீட்டர் ரெண்டு லேன் ரோடு, அதை ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் தார் ஷோல்டர் (ரோட்டோர விளிம்பு) சேத்து 10 மீட்டர் ஆக்கற வேலை. நான் அந்த டிசைன் டீம்ல இருந்தவன், பொறந்து வளந்ததும் இந்தப் பக்கந்தான்.

காங்கேயம் பக்கம் இருந்து வந்தா முதல்ல ஒரு நீட்டு ரோடு, ரெண்டு பக்கமும் கொப்பரை காயப்போடற களம், அப்பறம் லேசா எறக்கம், எறக்கத்துல வாய்க்கால் மேல ஒரு சின்னப் பாலம் (கல்வெர்ட்), அதைத் தாண்டின ஒடனே ஒரு வளைவு. வளைவோட உள்பக்கம் பெரிய புளியமரமும் அதுக்கடியில பிள்ளையாரும். வளைவு முடியற எடத்துல பள்ளிக்கூடம், எதுத்தாப்பல பால் சொசைட்டி, சித்த தள்ளி ரேஷன் கடை, மாவு மில்லு, பஸ் ஸ்டாப். அதாவது வண்டி நல்லா வேகம் எடுத்து வர்ற எடமும் ஊரே குறுக்க நடக்கற எடமும் ஒண்ணாப் போயி முட்டிக்குது.

நாங்க போறதுக்கு முன்னாடியே அங்க ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்துச்சு. ஒரு சாவு விழுந்து, மறியல் நடந்து, தாசில்தார் வந்து பேசி, மறுநாளே போட்டதுன்னாங்க. நம்ம பக்கம் பாதி ஸ்பீடு பிரேக்கரோட ஜாதகம் இதுதானே. ஒரு அடி அகலத்துல செங்குத்தா ஒரு மேடு, அதுல பால் கேன் கட்டின எக்ஸெல் வண்டி ஏறி எறங்கினா மூடி தெறிக்கும். ஐஆர்சி 99ங்கற ஸ்பீடு பிரேக்கர் கோடு 1988ல சொன்ன ஹம்ப் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஒசரம், 17 மீட்டர் ஆரத்துல வட்டமா ஏறி எறங்கணும், 25 கிமீ வேகத்துல வந்தா முதுகு நோகாது. இந்த ஒரு அடி மேட்டுல லாரிக்காரன் பிரேக் அடிச்சு ஏறுவான், எளவட்டப் பசங்க பைக்குல ஓரமா மண்ணுல வெட்டிட்டுப் போவாங்க, அந்த மண்ணுலதான் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நடக்கும். அது போதாதுன்னு நகைக்கடை விளம்பரம் போட்ட பேரிகார்டு ரெண்டு வேற குறுக்கும் நெடுக்கும்.

கணக்கு என்ன சொல்லுது

வளைவுக்கு ஒரு சின்ன சூத்திரம்தான். மணிக்கு இத்தனை கிமீங்கற வேகத்தோட வர்க்கத்தை 127ஆல வகுக்கணும், அப்பறம் சூப்பர் எலிவேஷனும் (வளைவுல ரோட்டை உள்பக்கமாச் சாய்ச்சுப் போடறது) டயர் பிடிப்பும் சேந்த எண்ணால வகுக்கணும். சமவெளியில அது 0.07ம் 0.15ம் சேத்து 0.22. வேகம் 80ன்னா ஆரம் குறைஞ்சது 230 மீட்டர் வேணும். வேகம் 50ன்னா 90 மீட்டர் போதும். அந்த ஊரு வளைவு 100 மீட்டரை ஒட்டி இருந்துச்சு.

இப்பப் புரியுதுங்களா? 80க்கு டிசைன் பண்ணினா புளியமரம் போகும், பிள்ளையார் போவாரு, உள்பக்கத் தோட்டத்துல கெணறும் ஒரு வரிசைத் தென்னையும் போகும். 50க்கு டிசைன் பண்ணினா வளைவைத் தொடவே வேண்டாம். ரெண்டுமே கோடுதான், எதுவும் விதிவிலக்கு கெடையாது. ஊருக்குள்ளங்கறதை வெட்டவெளி மாதிரி பாக்காம தனியா எடுத்து டிசைன் பண்ணணும்னு மேனுவல்லயே இருக்குது, நடக்கறவங்களுக்குன்னு ஐஆர்சி 103னு தனிப் புக்கே இருக்குது.

அப்பறம் ஏன் யாரும் எறங்கி வர மாட்டேங்கறாங்கன்னு கேப்பீங்க. பயந்தாங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப 198ஏன்னு ஒரு பிரிவு வந்துச்சு, டிசைன்லயோ கட்டறதுலயோ பராமரிப்புலயோ ஸ்டாண்டர்டை மீறி அதனால உயிர்ச்சேதமோ ஊனமோ ஆச்சுன்னா அதிகாரி, கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் யாரா இருந்தாலும் ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். அதைப் படிச்ச ஒடனே எல்லாரும் பெரிய நம்பரைப் பிடிச்சுட்டு ஒக்காந்துக்கறாங்க, 80 போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு. ஆனா அதே பிரிவைக் கீழ வரைக்கும் படிச்சா, ரோட்டோட தன்மை என்ன, அதுல எந்த மாதிரி டிராஃபிக் வரும்னு எதிர்பார்த்தாங்கங்கறதையும் கோர்ட்டு கவனிக்கணும்னு இருக்குது. பால் சொசைட்டிக்கு முன்னாடி ஆளுங்க குறுக்க போவாங்கன்னு எதிர்பார்க்கலைன்னு எந்த இன்ஜினியராலயும் சொல்ல முடியாதுல்ல.

எனக்கு எச்சா உறுத்தினது இன்னொரு கணக்கு. அகலப்படுத்தறதே ரோட்டைத் தாண்டறவங்களுக்கு ஆபத்துதான். சாதாரணமா ஒரு ஆளு செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பாங்கன்னு எடுத்துக்கறது வழக்கம். 7 மீட்டர் ரோட்டைத் தாண்ட 6 செகண்டு, 10 மீட்டர் ஆச்சுன்னா 8 செகண்டுக்கு மேல. 80ல வர்ற காரு அந்த 8 செகண்டுல 180 மீட்டர் வந்துரும். அந்த வளைவுல புளியமரத்தைத் தாண்டி 180 மீட்டர் எங்க தெரியுது? டிரைவர் பாத்து, கால் வெச்சு, வண்டி நிக்கறதுக்கும் 80ல 120 மீட்டருக்கு மேல வேணும், 50ல 60 மீட்டர் போதும். மோதினாலும், 80ல மோதற வேகத்தோட சக்தி 50ல மோதறதை விட ரெண்டரை மடங்கு. ரேஷன் பையோட போற ஆத்தாக்களுக்கு 1.2 மீட்டர் வேகமெல்லாம் ஏது.

11 மணிக் கூட்டம்

கருத்துக்கேப்புக் கூட்டம் ஏற்கனவே ஒண்ணு நடந்திருந்துச்சு. வேலை நாள், காலையில 11 மணி, சமுதாயக் கூடம், டீ, மிக்சர், கையெழுத்து நோட்டு, போட்டோ. அந்த நேரத்துக்கு யாரு வருவாங்க? கம்பெனி வேலைக்குப் போறவங்க வேன் ஏறிப் போயிருப்பாங்க, பொம்பளைங்க நூறு நாள் வேலையிலயோ தோட்டத்துலயோ இருப்பாங்க, புள்ளைங்க ஸ்கூல்ல. வந்தது பூராம் ரோட்டோரம் நெலமும் கடையும் இருக்கறவங்க. அவங்க கேட்டதும் நியாயமான கேள்விதான், சென்ட்டுக்கு என்ன ரேட்டு, கல்லு எங்க நடுவீங்க, நெலம் எடுக்கறதுக்கான 15(2) நோட்டீஸ் எப்ப வரும்னு. ரெக்கார்டுல பூராம் நெல விலைதான் இருந்துச்சு, ரோட்டைத் தாண்டறதைப் பத்தி ஒரு வரி இல்ல. கூட்டம் நடந்ததா கணக்கு, ஆனா ரோட்டைத் தாண்டறவங்க ஒருத்தர் கூட அதுல இல்ல.

அதனால வெள்ளென பால் ஊத்தற நேரத்துக்கு சொசைட்டி வாசலுக்கும், பொழுதோட கம்பெனி வேன் திரும்பி வர்ற நேரத்துக்கு பஸ் ஸ்டாப்புக்கும் டிராயிங்கை எடுத்துட்டுப் போனோம். டிராயிங் யாருக்கும் புரியல, புரியவும் புரியாது, 1:500 ஸ்கேல்ல ஒரு நீலக் கோட்டைக் காட்டி இதுதான் உங்க வீட்டு வாசல்னா யாரு நம்புவாங்க. கூட வந்த சர்வேயர் அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னாரு, "சுண்ணாம்பு போட்டு ரோட்டுலயே வரைஞ்சிரலாங்க". ஞாயித்துக்கிழமை டிராஃபிக் கம்மியா இருக்கற நேரத்துல, ரெண்டு பக்கமும் ஆளு நிறுத்தி, வரப்போற கெர்ப் லைன் (ஓரக்கல்லு வரிசை), நடைபாதை, டிரைன் (வடிகால்), கிராசிங் எல்லாத்தையும் நெசமான அளவுலயே சுண்ணாம்புப் பொடியால கோடு இழுத்தோம்.

மாவு மில்லுக்காரரு வந்து பாத்தாரு, கோடு அவரோட ரெண்டாவது படியில போகுது. "ஏனுங் தம்பி, இதுக்கு மேல நான் மூட்டையை எங்கீங் எறக்கறது?"ன்னாரு. ரெண்டு புள்ளைங்க கிராசிங் கோட்டு மேல நின்னு பாத்துட்டு "இங்க வேண்டாங்ணா, இங்கிருந்து பாத்தா மரம் மறைக்குது, நாங்க ஸ்கூல் கேட்டு கிட்டத்தான் தாண்டுவோம்"னுச்சுங்க. போயி நின்னு பாத்தா அதுங்க சொன்னதுதான் சரி, அந்தப் பக்கம் தள்ளினா வளைவு வெளிப்பக்கத்துல இருந்து பார்வை நீளமாக் கெடைக்குது. சொசைட்டிக்கு வந்த ஒரு ஆத்தா கிராசிங்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "ஏங்கண்ணு, ரோட்டை இன்னும் ஒசத்துவீங்களா? போன மழைக்கே எங்கூட்டு வாசல்ல முழங்கால் தண்ணி"ன்னாங்க.

அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங்க எச்சமா வேலை பாத்தோம். ஒவ்வொரு தடவை தார் போடறப்பவும் பழசு மேலயே 30, 40 மில்லி ஏத்தி ஏத்தி, ரோடு வீட்டுத் திண்ணை ஒசரத்துக்கு வந்துருச்சு. ரோட்டைச் சொரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட்டாரு, ஆனா கிராமத்து வழியாப் போற நீளமான ரோட்டுல மில்லிங் மெஷினுக்குன்னு (ரோட்டைச் சொரண்டற மெஷின்) எஸ்டிமேட்ல தனியா எழுதலைன்னா யாரும் கொண்டு வர மாட்டாங்க. ஊருக்குள்ள இருக்கற நீளத்துக்கு மட்டும் பழைய ரோட்டைத் தோண்டி லெவலைக் கீழ எறக்கறதுன்னு முடிவாச்சு. அப்படிச் செஞ்சா குடிதண்ணிப் பைப்பு மேல வந்துரும், அதை மாத்திப் பதிக்கணும், காசு, நாளு, எல்லாம் எச்சு. ஆனா வீட்டுக்குள்ள தண்ணி போற ரோட்டுல எவ்வளவு அழகா ஜீப்ரா கிராசிங் போட்டாலும் ஊரு நம்மளை மதிக்காது, மதிக்கவும் வேண்டியதில்ல.

என்ன போட்டோம், எதை விட்டோம்

வளைவுல கை வைக்கல. ஊருக்கு ரெண்டு பக்கமும் 80ல இருந்து 50க்கு எறக்கற கேட்வே, போர்டு மட்டும் வெச்சா யாரும் மதிக்க மாட்டாங்கன்னு தெரியும், அதனால தார் ஷோல்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு கெர்ப் கல்லு உள்ள வர்ற மாதிரி, ரோடு குறுகுதுன்னு டிரைவரோட கண்ணுக்குத் தானாத் தெரியற மாதிரி. அதுக்கு முன்னாடி குறுக்குக் கோடு பெயின்ட், வரவர நெருக்கமா. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி மேல தட்டையா இருக்கற 10 சென்டிமீட்டர் மேடு, அது மேலயே கிராசிங்.

கிராசிங்ல ரோட்டை 7 மீட்டராக் குறுக்கணும்னுதான் நான் சொன்னேன். பால்கார எக்ஸெல்காரங்க ஒத்துக்கல. "ஷோல்டர்ல ஓரமா வர்றோம், அந்த எடத்துல மட்டும் எங்களைக் கொண்டு போயி லாரிக்கு முன்னாடி தள்ளுவீங்களா?"ன்னாங்க. கேள்வி சரிதானே, ஒருத்தருக்குப் பாதுகாப்புன்னு போடறது இன்னொருத்தருக்கு வில்லங்கமா முடியுது. கடைசியில ரெண்டு பக்கமும் அரை மீட்டர் விட்டு 8 மீட்டர்னு முடிஞ்சுது. தாண்ட 7 செகண்டு, 50ல வர்ற வண்டி அதுக்குள்ள 90 சொச்சம் மீட்டர் வரும், புள்ளைங்க காட்டின எடத்துல நின்னா அந்தத் தூரம் தெளிவாத் தெரியுது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லாத நம்பர், ஆனா ஏன் 8ன்னு கேட்டா ஊர்ல எல்லாரும் காரணம் சொல்லுவாங்க.

நடுவுல நின்னு தாண்டறதுக்கு ஒரு தீவு கட்டலாம்னு டிராயிங்ல இருந்துச்சு, பாதசாரிகளுக்கு அது நல்ல ஏற்பாடு. கோயில்காரங்க பாத்துட்டு, மாரியம்மன் பொங்கலுக்கு சப்பரம் அங்கதான் திரும்பும், கட்டையை வெச்சா எப்படித் திருப்பறதுன்னு கேட்டாங்க. வருஷத்துல ஒரு நாள் விஷயந்தானேன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சிரிச்சாரு. அந்த ஒரு நாளைக்குத் தீவை ஊரே கடப்பாரையால எடுத்துரும், அப்பறம் வருஷம் பூராம் ஓட்டைதான் இருக்கும், அதை விட முன்னாடியே கேட்டுக்கறது மேல். பெயின்ட்ல தீவு வரைஞ்சு, கழட்டி மாட்டற மாதிரி ரப்பர் போஸ்ட் வெச்சுக் குடுத்தோம். கான்கிரீட் தீவு அளவுக்குப் பாதுகாப்பு இல்லைதான்.

பஸ் ஸ்டாப்புல நாங்க தோத்தோம்னே சொல்லலாம். சந்திப்புல இருந்து தள்ளி வைக்கணும்ங்கறது கோடு, வளைவுல வைக்கவே கூடாது. ஊருக்கு வேணும்ங்கறது புளியமர நெழல். தள்ளி பஸ் பே (பஸ் ஒதுங்கி நிக்கற எடம்) கட்டி நெழற்குடையும் போட்டாச்சு, இருந்தாலும் இன்னிக்கும் பாதிப்பேரு மரத்தடியிலதான் நிக்கறாங்க, தெரிஞ்ச டிரைவரு அங்கதான் நிறுத்தறாரு. தகரக் கூரைக்கடியில மத்தியானம் நின்னு பாத்தவங்க யாரும் அவங்களைக் கொறை சொல்ல மாட்டாங்க.

நடைபாதை குறைஞ்சது 1.8 மீட்டர் வேணும்ங்கறது ஐஆர்சி 103. பள்ளிக்கூடப் பக்கம் முழுசாக் கெடைச்சுது, டிரைனை மூடி அதுக்கு மேலயே. மாவு மில்லு பக்கம் கெடைக்கல, அவரு படியை விட்டுக்குடுத்தும் ஒன்றரைதான் வந்துச்சு. மூட்டை எறக்கறதுக்கு ஷோல்டர்ல ஒரு வண்டி நிக்கற அளவு எடம் ஒதுக்கிக் குடுத்தோம், இல்லைன்னா நடைபாதையே கொடோனாயிரும். அப்படியிருந்தும் ஒரு ஓரத்துல மூட்டை ஏறிருச்சு, அது வேற விஷயம்.

இப்ப நெலமை

ரோடு தொறந்ததுக்கப்பறம் தாராபுரம் பக்கத்து கேட்வே நல்லா வேலை செய்யுது, தூரத்துல இருந்தே கெர்ப் கல்லு தெரியறதால வண்டி தானாக் கம்மியாகுது. காங்கேயம் பக்கம் சரியில்ல. எறக்கத்துல வர்ற வேகத்துல டிரைவருக்குக் குறுகல் கண்ணுல படறதே லேட்டு, கல்வெர்ட் கைப்பிடிச் சுவரு வேற மறைக்குது. கேட்வேயை எறக்கத்துக்கு மேல, களத்துப் பக்கம் தள்ளணும்னு எழுதிக் குடுத்திருக்கோம். ரவைக்கு பத்து மணிக்கு மேல போர்வெல் ரிக்கு லாரிகளும் கொப்பரை லாரிகளும் எப்பவும் போலத்தான் பறக்குது, மேட்டுல வந்து ஒரு தடவை பிரேக் அடிக்கறது மட்டுந்தான் வித்தியாசம். கிராசிங் லைட்டுக்கு கரண்ட் பில்லு யாரு கட்டறதுன்னு பஞ்சாயத்துக்கும் ரோட்டு ஆபீசுக்கும் நடுவுல கடுதாசி ஓடிட்டிருக்குது, அதுவரைக்கும் மாவு மில்லு லைட்டுதான் வெளிச்சம்.

வீட்டுக்குள்ள தண்ணி வர்றது நின்னுருச்சு. அந்த ஆத்தா வீட்டு வாசல்ல இப்ப படி எறங்கித்தான் ரோட்டுக்கு வரணும். ஊர்ல ரோட்டைப் பத்திக் கேட்டா கிராசிங்கையோ கேட்வேயையோ யாரும் சொல்றதில்ல, இதைத்தான் சொல்றாங்க.

அடுத்த ஓவர்லே (பழசு மேல புதுத் தார் போடறது) வர்றப்ப என்ன ஆகும்ங்கறதுதான் பெரிய கேள்வி. பராமரிப்பு எஸ்டிமேட் போடறவங்க கையில இந்த டிராயிங் இருக்காது, கிலோமீட்டருக்கு இவ்வளவு தாருன்னுதான் போடுவாங்க, மேடு மேலயே தார் ஊத்தினா அது சரிவாயிரும், லெவலும் மறுபடி ஏறும். அதுக்காக ஊருக்குள்ள வர்ற நீளத்துக்கு மில்லிங், மேட்டோட அளவு, பெயின்ட் மூணையும் தனி ஐட்டமா எழுதி ரோடு ரெஜிஸ்டர்ல சேக்கச் சொல்லியிருக்கோம். அந்தத் தாளோட காப்பி ஒண்ணு பஞ்சாயத்து ஆபீசுலயும் இன்னொண்ணு பால் சொசைட்டி செக்ரெட்டரி கிட்டயும் இருக்குது. கான்ட்ராக்டரு மெஷினோட வந்து நின்னா முதல்ல பாக்கப் போறது அவருதானே.